மவ்த்தானவர்களுக்காகக் குர்பானி: பிராணி வாங்கும் முன் முடிவு செய்ய வேண்டியவை

மவ்த்தாகிப்போன (இறந்துபோன) உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ குர்பானி, அதாவது ஹஜ் பெருநாளில் அல்லாஹ்வுக்காகப் பிராணி அறுப்பது, கொடுக்கலாமா என்று மூன்று ஆலிம்களிடம் (மார்க்க அறிஞர்களிடம்) கேட்டுப் பாருங்கள். ஒருவர் தாராளமாகக் கொடுங்கள் என்பார், இன்னொருவர் அப்படி ஒன்று கிடையாது என்பார், மூன்றாமவர் கொடுக்கலாம், ஆனால் அந்த இறைச்சியில் ஒரு துண்டுகூட உங்கள் வீட்டு அடுப்பில் ஏறக்கூடாது என்பார். கேட்டவருக்குத் தலை சுற்றும். உங்கள் நிலைமை என்னவென்று சொல்லாமல் கேட்டால், ஒவ்வொருவரும் தன் மனதில் இருக்கிற ஒரு நிலைமைக்குத்தான் பதில் சொல்வார். மவ்த்தானவர் வஸிய்யத் (மரண சாசனம்) செய்துவிட்டுப் போனாரா, நீங்களாக ஆசைப்பட்டுச் செய்கிறீர்களா? உங்கள் குர்பானியில் அவரையும் சேர்த்துக்கொள்கிறீர்களா, அவருக்கென்று தனிப் பிராணியா? எந்த மத்ஹபை (மார்க்கச் சட்டப் பிரிவை) பின்பற்றுகிறீர்கள்? இவற்றுக்குப் பதில் தெரிந்த பிறகு பிராணி வாங்கப் போங்கள். பணம் யாருடையது, இறைச்சி யாருக்கு, நிய்யத் (மனதின் எண்ணம்) என்ன என்பதெல்லாம் இந்தப் பதில்களில்தான் இருக்கிறது.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம். உங்களுடைய குர்பானி என்ன ஆயிற்று? ஹனஃபி மத்ஹபில் நிஸாப் அளவு (மார்க்கம் வகுத்த குறைந்தபட்சச் சொத்து அளவு) வசதி உள்ளவருக்கு அது வாஜிப் (கட்டாயம்). ஷாஃபிஈ, மாலிக்கி, ஹன்பலி மத்ஹபுகளில் வலியுறுத்தப்பட்ட சுன்னத் (நபிவழி, ஆனால் கட்டாயம் இல்லை). கையில் ஒரு ஆட்டுக்குத்தான் பணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், போன வருஷம் எனக்குக் கொடுத்தேன், இந்த வருஷம் வாப்பாவுக்குக் கொடுக்கிறேன் என்று முறை வைத்துக் கொடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாசத்தில் செய்வதுதான், ஆனால் அதற்குத் தேவையே இல்லை. ஒரே ஆட்டில் இரண்டும் நடக்க வழி இருக்கிறது.

உங்கள் குர்பானியில் அவர்களையும் சேர்ப்பது

இதுதான் எளிய வழி, கருத்து வேறுபாடு குறைவான வழியும்கூட. ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபியின் சொல், செயல் பற்றிய அறிவிப்பு) ஸஹீஹ் முஸ்லிம் என்ற தொகுப்பில் இருக்கிறது: நபி (ஸல்) அவர்கள் ஒரு கிடாயை அறுக்கும்போது, இறைவா, முஹம்மதிடமிருந்தும் முஹம்மதின் குடும்பத்தாரிடமிருந்தும் முஹம்மதின் உம்மத்திடமிருந்தும் (சமுதாயத்திடமிருந்தும்) இதை ஏற்றுக்கொள் என்று துஆ செய்தார்கள். குடும்பத்தார் என்றால் அதில் உயிரோடு இருந்தவர்களும் உண்டு, முன்பே மறைந்தவர்களும் உண்டு. உம்மத் என்றால் கேட்கவே வேண்டாம். அபூ அய்யூப் (ரலி) சொன்னதாகத் திர்மிதீ என்ற ஹதீஸ் தொகுப்பில் வருகிற செய்தியும் இதற்குத் துணை: நபியின் காலத்தில் ஒருவர் தனக்கும் தன் வீட்டாருக்கும் சேர்த்து ஒரு ஆடு கொடுப்பார், அவர்களும் சாப்பிடுவார்கள், பிறருக்கும் கொடுப்பார்கள்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆடு உங்கள் பணத்தில், உங்கள் குர்பானியாக. அறுக்கும்போது மனதில், யா அல்லாஹ் இது என் சார்பாகவும், என் குடும்பத்தில் உயிரோடு இருப்பவர்கள், மவ்த்தானவர்கள் எல்லோர் சார்பாகவும் என்ற நிய்யத். எத்தனை பேர் என்ற கணக்கு இதில் வராது, ஏனென்றால் ஆட்டைப் பங்கு போடவில்லை, நன்மையில்தான் அவர்களைச் சேர்க்கிறீர்கள். ஷாஃபிஈ நூல்களிலும் ஒருவர் தன் குர்பானியின் நன்மையில் மற்றவரைச் சேர்ப்பதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். இறைச்சி விஷயத்தில் எந்தச் சிக்கலும் இல்லை, வழக்கம்போல் நீங்கள் சாப்பிடலாம், சொந்தக்காரர்களுக்கும் ஏழைகளுக்கும் கொடுக்கலாம்.

என்னைக் கேட்டால் பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும். அவருக்கென்று தனியாக ஒன்று செய்தால்தான் திருப்தி என்று மனசு அடித்துக்கொண்டால் மட்டும் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

அவருக்கென்று தனிப் பிராணி

இங்கேதான் மத்ஹபுகள் பிரிகின்றன. ஹனஃபிகள் கூடும் என்கிறார்கள். ஹன்பலிகள் கூடும் என்பதோடு நிற்காமல், உயிரோடு இருப்பவருக்குக் கொடுப்பதைவிட மவ்த்தானவருக்குக் கொடுப்பது சிறந்தது என்றுகூட எழுதியிருக்கிறார்கள், அவரால் இனி அமல் (நற்செயல்) செய்ய முடியாது, தேவை அவருக்குத்தான் அதிகம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். மாலிக்கிகள் மக்ரூஹ் (விரும்பத்தகாதது) என்கிறார்கள், அவரே பிராணியைக் குறித்து வைத்துவிட்டு மவ்த்தாகியிருந்தால் தவிர. ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவி தன் மின்ஹாஜ் நூலில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்: வஸிய்யத் செய்யாத மவ்த்தானவருக்காக உள்ஹிய்யா (குர்பானி) கிடையாது. அதே மத்ஹபிலேயே, இதுவும் ஒரு வகை ஸதகா (தர்மம்) தானே, ஸதகா மவ்த்தானவருக்குப் போய்ச் சேரும் என்பதில் கருத்து வேறுபாடே இல்லையே என்று அனுமதித்தவர்களும் உண்டு, அது மத்ஹபின் முதன்மைக் கருத்து இல்லை, அவ்வளவுதான்.

ஆதாரம் என்று பார்த்தால், நேரடியாக இதைப் பற்றி வருகிற ஹதீஸ் அலீ (ரலி) உடையது. அவர் இரண்டு கிடாய்களை அறுத்தார், ஏன் இரண்டு என்று கேட்டதற்கு, நபி (ஸல்) தங்கள் சார்பாக அறுக்கும்படி எனக்கு வஸிய்யத் செய்திருக்கிறார்கள் என்றார். அபூதாவூத், திர்மிதீ என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. ஆனால் இதன் அறிவிப்பாளர் தொடரில் குறை இருக்கிறது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள், தொகுத்த இமாம் திர்மிதீயே இதை கரீப் (ஒரே வழியாக மட்டும் வருவது) என்கிறார். அந்த ஹதீஸை ஏற்றாலும் அது வஸிய்யத்துக்குத்தான் ஆதாரம். அதே இடத்தில் அப்துல்லாஹ் இப்னுல் முபாரக்கின் கருத்தையும் திர்மிதீ பதிவு செய்கிறார்: மவ்த்தானவருக்காக ஸதகா கொடுப்பதுதான் எனக்குப் பிடித்தது, குர்பானி வேண்டாம், அப்படியே கொடுத்தாலும் அதிலிருந்து எதையும் சாப்பிடாமல் முழுவதையும் ஸதகா செய்துவிடட்டும். ஒரு துண்டுகூடத் தொடக்கூடாது என்று சொன்ன அந்த மூன்றாவது ஆலிம் இந்தப் பக்கம் சாய்ந்தவராக இருக்கலாம், அல்லது உங்களுடையது வஸிய்யத் என்று நினைத்திருக்கலாம்.

கூடாது என்பவர்கள் வைக்கும் இன்னொரு வாதமும் கனமானது. நபி (ஸல்) உயிரோடு இருக்கும்போதே கதீஜா (ரலி) மறைந்தார், ஹம்ஸா (ரலி) உஹதில் ஷஹீதானார், பெண்மக்கள் ருகய்யா, ஸைனப், உம்மு குல்ஸூம் (ரலி) மூவரும் மறைந்தார்கள். இவர்களில் யாருக்காவது தனியாக ஒரு ஆட்டை நபியவர்கள் அறுத்ததாகச் செய்தி இல்லை. அனுமதிப்பவர்கள் அதற்கு, ஸதகா சேரும், ஹஜ் சேரும், அப்படியிருக்க இது மட்டும் ஏன் சேராது என்று கேட்பார்கள். ஸஅத் இப்னு உபாதா (ரலி) தன் தாய் மவ்த்தானபோது தான் பக்கத்தில் இல்லை, இப்போது அவருக்காக ஸதகா செய்தால் பலன் உண்டா என்று கேட்க, உண்டு என்றார்கள் நபியவர்கள், உடனே அவர் தன் மிக்ராஃப் தோட்டத்தைத் தாய்க்காக ஸதகா ஆக்கினார். இது புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது.

சரி, நீங்கள் என்ன செய்வது? ஹனஃபி அல்லது ஹன்பலி கருத்துப்படி நடப்பவர் என்றால் உங்கள் குர்பானியை முடித்துவிட்டு அவருக்கென்று ஒரு ஆடோ, மாட்டில் ஒரு பங்கோ கொடுங்கள். பணம் உங்களுடையது, யாரும் சொல்லிச் செய்யவில்லை, ஆகவே அந்த இறைச்சியையும் சாதாரணக் குர்பானி போலவே நீங்கள் சாப்பிடலாம், பகிரலாம். ஷாஃபிஈ மத்ஹபில் கண்டிப்பாக நிற்பவர் என்றால் முந்தைய பகுதியில் சொன்னபடி உங்கள் ஆட்டின் நன்மையில் அவரைச் சேருங்கள், தனி ஆட்டுக்கு ஒதுக்கிய பணத்தை அவர் பெயரில் ஸதகா கொடுங்கள். அந்த ஸதகா சேருமா என்று எந்த மத்ஹபுக்காரரும் உங்களிடம் தகராறு செய்ய மாட்டார். இரண்டு மத்ஹபுக்காரர்கள் ஒரே குடும்பத்தில் இருந்தால் பெருநாள் அன்று ஆட்டை நிறுத்திவைத்துக்கொண்டு இதை விவாதிக்காதீர்கள், துல்ஹஜ் (ஹஜ் பெருநாள் வரும் மாதம்) பிறப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

வஸிய்யத் இருந்தால்

எனக்காக ஒரு குர்பானி கொடுத்துவிடுங்கள் என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தால் கதையே வேறு. இப்போது அது உங்கள் ஆசை இல்லை, அவர் விட்டுச்சென்ற பொறுப்பு. பணம் அவருடைய சொத்திலிருந்து வர வேண்டும். வரிசை இப்படி: முதலில் அடக்கச் செலவு, பிறகு கடன், அதன்பிறகு மிச்சமிருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத், கடைசியில் வாரிசுகளின் பாகப் பிரிவினை. குர்ஆனின் 4:11 வசனம் வஸிய்யத்தையும் கடனையும் நிறைவேற்றிய பிறகே பாகம் என்கிறது. மூன்றில் ஒன்று என்ற எல்லை ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) கேட்டதற்கு நபியவர்கள் சொன்னது, அதுவே அதிகம்தான் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். வஸிய்யத் அந்த எல்லையைத் தாண்டினால் வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். கடனே சொத்தைச் சாப்பிட்டுவிட்டால் வஸிய்யத்துக்குப் பணம் இல்லை, அப்போது கடனை அடைப்பதுதான் அவருக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி.

இறைச்சி? இதில் நீங்கள் ஆசை வைக்கக்கூடாது. ஹனஃபி, ஷாஃபிஈ இரண்டு மத்ஹபுகளிலுமே வஸிய்யத்துப்படி கொடுக்கும் குர்பானியின் இறைச்சி முழுவதும் ஏழைகளுக்குத்தான். ஷாஃபிஈகள் சொல்லும் காரணம் கச்சிதமானது: பிராணி அவர் சார்பானது, அதிலிருந்து மற்றவர் சாப்பிட அவர் அனுமதி வேண்டும், அந்த அனுமதியை இனி யாரிடம் போய் வாங்குவது? ஹன்பலிகள் மட்டும் உயிரோடு இருப்பவரின் குர்பானி போலவே இதையும் சாப்பிடலாம், பகிரலாம் என்கிறார்கள். வீட்டுக் குர்பானியும் வஸிய்யத் குர்பானியும் ஒரே நாளில் ஒரே முற்றத்தில் அறுக்கப்பட்டால் இறைச்சி கலந்துவிடும், இது அடிக்கடி நடப்பது. தனித்தனிப் பாத்திரம், முடிந்தால் தனித்தனி நாள். வஸிய்யத் உடையதை முதல் நாளே அறுத்து ஏழைகளுக்கு அனுப்பிவிட்டு உங்களுடையதை மறுநாள் வைத்துக்கொண்டால் தலைவலி இல்லை.

வஸிய்யத் எதுவும் இல்லை, ஆனாலும் வாப்பா விட்டுப்போன பணத்திலிருந்தே அவருக்கு ஒரு ஆடு கொடுத்துவிடலாம் என்று மூத்த மகன் முடிவு செய்வதைப் பார்க்கிறோம். அந்தப் பணம் இப்போது அவருடையதும் இல்லை, மூத்த மகனுடையதும் இல்லை, எல்லா வாரிசுகளுடையது. வயது வந்த வாரிசுகள் மனம் ஒப்பிச் சம்மதித்தால் அவரவர் பங்கிலிருந்து எடுக்கலாம். சிறு பிள்ளைகளின் பங்கில் கை வைக்கவே கூடாது, அவர்கள் சரி என்றாலும் அந்தச் சம்மதம் செல்லாது. சகோதரிகளிடம் கேட்காமலே செய்வது இன்னொரு வழக்கம். கேளுங்கள்.

நேர்ச்சை செய்துவிட்டு நிறைவேற்றாமல் மவ்த்தாகியிருந்தால் அதுவும் அவர் மீதுள்ள கடமை, ஆலிமிடம் விவரம் சொல்லி நிறைவேற்றுங்கள், அந்த இறைச்சியையும் நீங்கள் சாப்பிட வேண்டாம். வசதி இருந்தும் பல வருஷம் குர்பானி கொடுக்காமல் போய்விட்டார் என்றால் ஹனஃபி மத்ஹபில் அதற்குப் பரிகாரம் அந்தப் பெறுமதியை ஸதகா செய்வது, விட்டுப்போன வருஷங்களுக்காக இப்போது வரிசையாக ஆடு அறுப்பது இல்லை. மற்ற மத்ஹபுகளில் அது சுன்னத், ஆகவே கடன் என்று எதுவும் இல்லை.

கூட்டுக் குர்பானியில் பங்கு எடுத்தால்

மாட்டிலும் ஒட்டகத்திலும் 7 பேர் சேரலாம், ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. அந்த 7 பங்கில் ஒன்றை மவ்த்தானவருக்கென்று எடுக்கலாம் என்பது ஹனஃபிகளின் நிலை. ஆனால் அவர்களிடம் ஒரு நிபந்தனை உண்டு: 7 பேரும் இறைவனுக்காகக் கொடுக்கும் நிய்யத்தில் இருக்க வேண்டும், ஒருவர் வெறும் இறைச்சிக்காகச் சேர்ந்திருந்தால் யாருடைய குர்பானியும் நிறைவேறாது. ஷாஃபிஈகள் இதில் அவ்வளவு கடுமை காட்டுவதில்லை.

யோசித்திராத ஒரு நிலைமை இது: 7 பேர் சேர்ந்து மாடு வாங்கியாயிற்று, பெருநாளைக்கு முன்பே அவர்களில் ஒருவர் மவ்த்தாகிவிட்டார். மற்ற 6 பேரும் பாவம் அவர் பெயரிலும் அறுத்துவிடுவோம் என்று தாங்களாக முடிவு செய்யக்கூடாது. ஹனஃபி சட்டப்படி அந்தப் பங்கு வாரிசுகளுக்குப் போய்விட்டது. அவர் சார்பாகவும் உங்கள் சார்பாகவும் அறுங்கள் என்று வாரிசுகள் சொன்னால் எல்லோருக்கும் நிறைவேறும், அவர்களைக் கேட்காமல் அறுத்தால் மற்ற 6 பேருடையதும் சேர்ந்து கெடும். துக்க வீட்டில் போய் இதைக் கேட்பது சங்கடம்தான், ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ அறுத்துப் பகிரும் அமைப்பிடம் பணம் கட்டுவதாக இருந்தால், கட்டும்போதே இது யார் சார்பாக, வஸிய்யத்தா இல்லையா என்பதைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் கட்டுவது நன்கொடை இல்லை, உங்களுக்காகப் பிராணி வாங்கி அறுக்க அவர்களை வக்கீலாக்குகிறீர்கள், அதாவது உங்கள் சார்பாகச் செய்யும் பொறுப்பாளராக்குகிறீர்கள். அறுக்கும் இடத்தில் பெருநாள் தொழுகை முடிந்திருக்க வேண்டும், உங்கள் ஊரிலும் பெருநாள் தொடங்கியிருப்பது பேணுதலானது. பெயர்ப் பட்டியல் உண்டா, அறுத்தபின் தகவல் சொல்வார்களா என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் வேறு இடம் பாருங்கள்.

பிராணியும் அறுப்பும்

மவ்த்தானவருக்கு என்பதால் பிராணியில் எந்தச் சலுகையும் இல்லை. ஒட்டகம் 5 வயது, மாடு 2 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். வெள்ளாட்டுக்கு ஹனஃபி, ஹன்பலிகளிடம் 1 வயது, ஷாஃபிஈகளிடம் 2. செம்மறிக்கு முந்தையவர்களிடம் 6 மாதம் போதும், ஷாஃபிஈகளிடம் 1 வயது அல்லது பல் விழுந்திருக்க வேண்டும். ஒரு கண் தெரியாதது, நோய் வெளிப்படையாகத் தெரிவது, நொண்டுவது, எலும்பும் தோலுமாக மெலிந்தது, இந்த நான்கும் செல்லாது. நேரம் துல்ஹஜ் 10 அன்று பெருநாள் தொழுகைக்குப் பிறகு தொடங்குகிறது, ஷாஃபிஈகளிடம் 13 அன்று மஃரிப் (சூரிய மறைவு) வரை, மற்ற மூன்று மத்ஹபுகளிலும் 12 வரை. தொழுகைக்கு முன் அறுத்தால் அது வெறும் இறைச்சி. குர்பானி கொடுக்க நினைப்பவர் துல்ஹஜ் பிறை பார்த்ததிலிருந்து அறுக்கும்வரை முடி, நகம் களைய வேண்டாம் என்று உம்மு ஸலமா (ரலி) அறிவிப்பது உங்கள் சொந்தக் குர்பானிக்கு. மற்றவரின் வஸிய்யத்தை நிறைவேற்றித் தருபவர் வெறும் வக்கீல்தான், அவருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

அறுக்கும்போது பிஸ்மில்லாஹி வல்லாஹு அக்பர் சொல்லி, அல்லாஹும்ம மின்க வலக (இறைவா, இது உன்னிடமிருந்து வந்தது, உனக்கே) என்றும் சொல்லலாம். பிறகு, யா அல்லாஹ், இதை என் தாயாரின் சார்பாக ஏற்றுக்கொள் என்று தமிழில் கேட்டாலும் தவறில்லை. பெயரை உரக்கச் சொல்வது கட்டாயம் இல்லை, நிய்யத் மனதில் இருந்தால் போதும். அறுக்கிறவர் வேறொருவர் என்றால் பெயரை அவர் காதில் போட்டு வையுங்கள், ஆனால் அவர் சொல்ல மறந்துவிட்டார் என்று பதற வேண்டியதில்லை. கவனமாக இருக்க வேண்டியது வேறு இடத்தில்: அறுப்பு அல்லாஹ்வுக்காக, நன்மைதான் மவ்த்தானவருக்கு. அவருக்கே அறுக்கிறோம் என்ற பேச்சு வாயில் வந்தாலும் மனதில் வரக்கூடாது. கப்ருக்கு (அடக்கம் செய்த இடத்துக்கு) பக்கத்தில் கொண்டுபோய் அறுப்பதும் கூடாது, அறியாமைக் காலத்தில் கப்ரிடத்தில் மாடும் ஆடும் அறுக்கும் பழக்கம் இருந்தது, இஸ்லாத்தில் அது இல்லை என்று நபியவர்கள் சொன்னது அபூதாவூதில் இருக்கிறது.

தோலை விற்றுக் காசை வைத்துக்கொள்ளக்கூடாது, அறுப்பவரின் கூலியாக இறைச்சியோ தோலோ கொடுக்கக்கூடாது. அலீ (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் இட்ட கட்டளை இது, கூலியை நாங்கள் எங்கள் கையிலிருந்து கொடுப்போம் என்கிறார் அவர். கூலி போக அன்பளிப்பாக, அல்லது அவர் ஏழை என்பதால் ஸதகாவாக இறைச்சி கொடுக்கலாம். வஸிய்யத் குர்பானியில் அதையும் ஏழை என்ற கணக்கில் மட்டும்தான் கொடுக்க வேண்டும்.

இஸ்லாத்துக்கு வந்த ஒருவர், முஸ்லிமாகாமல் இறந்த தன் பெற்றோருக்காகக் கொடுக்கலாமா என்று கேட்பார். இதற்குச் சுற்றிவளைக்காத பதில் ஹதீஸிலேயே இருக்கிறது. ஆஸ் இப்னு வாயில் தனக்காக 100 அடிமைகளை விடுதலை செய்யச் சொல்லிவிட்டு இறந்தார், ஒரு மகன் ஹிஷாம் 50 பேரை விடுவித்தார், மீதி 50 பேரை நான் விடுவிக்கட்டுமா என்று இன்னொரு மகன் அம்ர் (ரலி) கேட்டார். அவர் முஸ்லிமாக இருந்து நீங்கள் அவருக்காக அடிமையை விடுவித்தாலோ ஸதகா செய்தாலோ ஹஜ் செய்தாலோ அது அவரைச் சேர்ந்திருக்கும் என்றார்கள் நபியவர்கள். கேட்பவருக்கு வலிக்கும் பதில், சொல்பவர் மெதுவாகச் சொல்ல வேண்டும், உயிரோடு இருக்கும் அவருடைய சொந்தக்காரர்களுக்குத் தன் குர்பானி இறைச்சியில் தாராளமாகக் கொடுக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பல ஆலிம்கள் அதை அனுமதிக்கிறார்கள்.